ரோய்ஸ்டனின் கைராசி

ரோய்ஸ்டனுக்குக் கைராசி உண்டு என்று யார் கிளப்பிவிட்டார்களோ, பமேலாவுக்குத் தெரியாது. அவனே கிளப்பியிருப்பான். கோலா கங்சார் தோட்டத்தில் பிறந்து, தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டி ஓய்வு பெற்ற அவளுடைய இந்தத் தம்பி, ஈப்போவுக்கு வந்ததும் எலக்ட்ரானிக்ஸ் மேதையாகிவிட்டான். அவன் திறந்த மின்விசிறி மறுபடி சுற்றியதில்லை. மாதா கோவில் மைக்கைத் தொட்டான். அந்த ஞாயிறு ஃபாதர் தொண்டை கிழியக் கத்திப் பிரசங்கம் வைத்தார். இருந்தும் சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டான்.

எண்பதுகளின் வீட்டுக் கணினிகளைச் சேர்ப்பது அவனுடைய புதுப் பைத்தியம். அதே மாதிரிக் கணினி பமேலாவிடமும் ஒன்று இருந்தது. மகள் விவியன் பிறந்தபோது, மறைந்த கணவர் யேசுதாசன் அதில் மூன்று குரலில் ஒரு மெட்டுப் போட்டு டிஸ்கில் வைத்திருந்தார். சனிக்கிழமை கல்யாண விருந்தில் அந்த மெட்டு ஒலிக்க விவியன் மண்டபத்துக்குள் வரவேண்டும். பமேலாவுக்கு வேறு ஆசை இல்லை.

அந்தக் கணினியில் சத்தம், விசைப்பலகை, டிஸ்க் மூன்றையும் ஒரே சிப் பார்த்துக்கொண்டது. கம்பெனிக்காரன் தனக்கென்றே செய்துகொண்டது. எந்தக் கடையிலும் கிடைக்காது. அது போனால் எல்லாமே போச்சு.

வெள்ளிக்கிழமை காலை ரோய்ஸ்டன் வந்து நின்றான். அவன் கணினியில் சத்தம் நின்றுவிட்டதாம்.

"அக்கா, ஒங்க சிப்ப என் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறேன். ஓடுச்சுன்னா என் சிப்புதான் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும். அஞ்சு நிமிஷம் லா."

"நாளைக்குக் கல்யாணம்டா. ஒன் அடாப்டர் கெட்டுப் போயிருந்தா என்னோடதும் கருகிடும். ஒன் மச்சான் இருந்தப்போ மொதல்ல அடாப்டரத்தான் மீட்டர் வெச்சுப் பாப்பாரு."

"எனக்கே பாடமா? தாய்மாமன் கேக்குறேன், இல்லன்னு சொல்லுவீங்களா?"

கல்யாண வீட்டில் தாய்மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சொந்தபந்தம் வருஷக்கணக்கில் பேசும். பமேலா பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். அதுதான் அவள் செய்த மடத்தனம்.

மத்தியானம் கொண்டுவந்து சொருகினான். திரை வந்தது. சத்தம் இல்லை. எந்த விசையை அழுத்தினாலும் எழுத்து வரவில்லை. டிஸ்க் சுற்றவேயில்லை.

"பழைய சிப்புக்கா. எப்பவோ போக வேண்டியது."

தன் அடாப்டர்தான் கோளாறு என்று, அவளுடைய சிப் கருகிய பிறகு மீட்டர் வைத்துக் கண்டுபிடித்தானாம். அதையும் ஏதோ சாதனை மாதிரி சொன்னான். பமேலாவுக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடவேண்டும் போலிருந்தது.

மறுநாள் விவியன் மண்டபத்து வாசலில் வந்து நின்றாள். பமேலா எழுந்து, அந்த மெட்டின் மேல்குரலைத் தானே பாடத் தொடங்கினாள். மற்ற இரண்டு குரலும் அவளுக்கு வராது. புதுக் கோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, பமேலாவுக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நான் அப்பவே சொன்னேன், போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கங்கன்னு. யாரு கேக்குறா?"

அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஆத்திரத்தில் பமேலா அவன் பக்கம் திரும்பி முறைத்தாள், பாட்டு நின்றுபோனது. விவியன் பாதி வழியில் நின்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு பாட்டில்லாமலே நடந்து வந்தாள்.