யாருக்கு ஓடிபி வேணுமோ அவங்க கேக்கட்டும்

என் வீட்டுக்காரர் தனசேகரன் லிஃப்ட் மெக்கானிக். சிங்கப்பூரில் பாதி அடுக்குமாடி புளோக்குகளின் லிஃப்டை ஏற்றி இறக்கியவர். தன் முறுக்கை மட்டும் ஒரு மாடிகூட இறக்கத் தெரியாது. அவர் இல்லாதபோது சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "அதான் தெரியுதே லா, அப்புறம் என்ன?" என்பார்.

இந்த மனிதர் ஆளும் ராஜ்யம் ஒன்றே ஒன்று, படம் பார்க்கும் அக்கவுண்ட். மாதாமாதம் கட்டுகிறவர் அவர் என்பதால், அதில் யாருக்கு என்ன பெயர் என்பதையும் அவரே முடிவு செய்தார். தனக்கு 'பாஸ்' என்று வைத்துக்கொண்டார். ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகனுக்கு 'பையன்'. எனக்கு 'கிச்சன்'. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறேனாம். கட்டின பெண்டாட்டிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்! தன் அக்காவுக்கு மட்டும் 'அக்கா' என்று போட்டு, கிரீடம் வைத்த ராணி படமாகத் தேடித் தேடிப் பிடித்தார்.

அக்கா என்றால் செல்லக்கண்ணு, இவருடைய ஒரே கூடப்பிறந்தவர். எனக்கு அண்ணி. அவர் வீடு பூன் லே, எங்கள் வீடு பிடோக். நடுவில் கிட்டத்தட்ட முழுச் சிங்கப்பூரும் கிடக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள்தான் ஓர் அக்கவுண்டைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கம்பெனி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "எங்க அக்கா வீடு வேற வீடா?" என்று என் மேல் பாய்ந்தார்.

அப்படி இருந்தவர்கள்தான் ஒரு சட்டிப் பாலுக்காக முறைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் அது. புது வீட்டில் முதல் பாலை வீட்டுக்காரரின் அக்காவோ தங்கையோதான் காய்ச்ச வேண்டும், எங்கள் வழக்கம் அப்படி. பால் கிழக்கே பொங்கி வழிந்தால் வீடு அமோகமாக இருக்கும் என்பார்கள். எல்லோரும் காத்திருக்கிறோம், அண்ணியைக் காணோம். ரயிலில் அசந்து தூங்கிவிட்டார். பிடோக்கைத் தாண்டிப் போய், கடைசி ஸ்டேஷனான பாசிர் ரிஸ்ஸில் யாரோ தட்டி எழுப்பினார்களாம். இங்கே ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், நல்ல நேரம் முடியப் போகிறது. "அண்ணி வரட்டும்ங்க" என்று நான் சொல்லச் சொல்ல, இவர் கையில் கிடைத்த சட்டியில் பாலை ஊற்றி, தானே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அண்ணி வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்தபோது நாங்கள் டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணி கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் திரும்பிப் போய்விட்டார். "கொஞ்ச நேரம் பொறுக்க முடியலயா அவனுக்கு?" என்று அங்கே அவர். "தூங்கினது என் தப்பா?" என்று இங்கே இவர். மூன்று தீபாவளி போய்விட்டது. நேரிலும் பேச்சில்லை, போனிலும் பேச்சில்லை.

ஆனால் அக்கவுண்டை மட்டும் இரண்டு பேருமே விடவில்லை! அண்ணி பாட்டுக்கு அங்கே கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இங்கே உட்கார்ந்துகொண்டு, "அக்கா ரெண்டு நாளா அதே எபிசோட்ல நிக்குது" என்பார்.

"உடம்பு முடியலயோ என்னவோ. போன் பண்ணிக் கேளுங்க."

"நான் ஏன் கேக்கணும்? தானா ஸ்கிரீன்ல தெரிஞ்சுச்சு, சொன்னேன்."

தானாகத் தெரியுமா அது? 'பாஸ்'ஸிலிருந்து வெளியே வந்து, ராணி படத்தை அமுக்கி, உள்ளே நுழைந்தால்தான் தெரியும். மறுநாள் அண்ணி அடுத்த எபிசோடுக்குப் போய்விட்டால் இவர் முகத்தில் ஒரு தெளிவு. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்ல மாட்டார்.

இப்படியே ஓடியிருக்கும். அண்ணி மகள் திவ்யதர்ஷினிக்குக் கல்யாணம் முடிவானதும்தான் எனக்குக் கவலை பிடித்தது. மாப்பிள்ளை சுஜீந்திரன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், தங்கமான பையன். காத்தோங் செண்பக விநாயகர் கோயிலில் முகூர்த்தம். பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வரவேண்டியது தாய்மாமன். இவரை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு மாமன் கிடையாது.

அண்ணியின் கணவர் பரமசிவம் அண்ணன், திவ்யாவோடு வந்து, தட்டு வைத்து, முறையாக அழைத்துவிட்டுத்தான் போனார். அண்ணி வரவில்லை. அவ்வளவுதான், இவர் முறுக்கு உச்சி மாடிக்கு ஏறிவிட்டது. "பெத்தவ வந்து கூப்பிடாம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேடையில நிக்கிறது? நான் வரல. நீ போய்ட்டு வா."

"அந்தப் புள்ள என்னங்க பாவம் பண்ணுச்சு?"

டிவி சத்தத்தைக் கூட்டினார். ஆனால் அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில், தேக்கா கடைத்தெருவில் வாங்கிய பட்டு வேட்டி ஒன்று பிரிக்காமல் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும் எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். வேட்டி வாங்கத் தெரிகிறது, ஒரு போன் போடத் தெரியவில்லையே இந்த மனுசனுக்கு!

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரனுக்கு ஞானம் வந்தது. பூன் லே வேறு, பிடோக் வேறு என்று கண்டுபிடித்துவிட்டான். ஒருநாள் அண்ணி வீட்டு டிவி மக்கர் பண்ணியது. இனி அங்கே படம் ஓட வேண்டுமானால் அக்கவுண்டுக்குச் சொந்தக்காரரின் போனுக்கு ஓர் ஓடிபி வரும், அதைப் பார்த்து டிவியில் அடிக்க வேண்டும். அந்த எண் கொஞ்ச நேரத்தில் செல்லாமல் போய்விடும். அண்ணியோ தொடரின் கடைசி எபிசோடுக்கு முந்தைய இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

திவ்யாதான் கூப்பிட்டாள். "மாமா, அம்மா டிவிக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க பிளீஸ். அம்மா டென்ஷன் ஆகுறாங்க லா."

இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "யாருக்கு ஓடிபி வேணுமோ அவங்க கேக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. குளிக்கப் போகும்போதும் போன் கூடவே போனது. இரண்டு நாள் பொறுத்தார் அண்ணி. சனிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. இவர் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். நான் கேட்கட்டும் என்றா, கை தவறியா, எனக்குத் தெரியாது.

"நான் ஓடிபி கேக்கத்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"வேற என்ன இருக்கு?"

"என்னடா இருக்கு? மூணு வருஷமா என்ன இருந்துச்சு?"

போச்சா! அங்கிருந்து பாலுக்குப் போனார்கள். பாலிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து ஐயருக்கு. ஓடிபி செல்லாமல் போயிற்று. அண்ணி மறுபடி டிவியில் அமுக்கினார், புது எண் வந்தது. அதைச் சொல்வதற்குள் யார் யாரை முதலில் மதிக்கவில்லை என்ற பேச்சு வந்து, அதுவும் செத்தது. மூன்றாவதையும் அனுப்ப வைத்தபிறகு அண்ணியின் குரல் இறங்கிவிட்டது.

"ராத்திரி முச்சூடும் உனக்கு அதிரசம் சுட்டேன்டா, அதான் ரயில்ல கண்ணு சொக்கிருச்சு. பால் காய்ச்சன்னு தேக்கால பாத்துப் பாத்து ஒரு பித்தளைப் பானை வாங்கினேன். பாசிர் ரிஸ் வரைக்கும் அது என் மடியிலதான் இருந்துச்சு. உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன், நீங்க எல்லாம் குடிச்சிட்டிருக்கீங்க."

அன்றைக்கு அண்ணி கீழே வைக்காமல் போன அந்தப் பை எனக்கு நினைவுக்கு வந்தது.

"அந்தப் பானை எங்கக்கா?" என்றார் இவர், சின்னப் பையன் மாதிரி.

"இங்கதான் இருக்கு. அதுல நான் ஒரு நாளும் பால் ஊத்தல."

அத்தோடு இவர் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. மூன்று வருடத்துச் சண்டையை ஒரே மூச்சில் போட்டால் எந்த பேட்டரிதான் தாங்கும்? மூன்றாவது ஓடிபியும் வீண்.

மறுநாள் காலை, மார்க்கெட் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பையும் எடுக்கவில்லை, போனையும் சார்ஜிலேயே விட்டுவிட்டார். நானும் பெரிதாக நினைக்கவில்லை. வெகு நேரம் கழித்துக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், பட்டுப்புடவையும் வெற்றிலைத் தட்டுமாக அண்ணி! தோளில் அந்தப் பழைய பை.

"தூங்காம வந்துட்டேன் வளரு. எங்க அவன்?"

எங்கே போனார் என்று நான் முழித்துக்கொண்டு நிற்கிறேன். அண்ணி பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை. நேரே அடுப்படிக்குப் போய், பானையைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, என் ஃபிரிட்ஜிலிருந்த பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினார். ஏற்றிக்கொண்டே, "அவன் ஏன் எப்பப் பாத்தாலும் பேய்ப் படமே பாக்கிறான்? பிரஷர் இருக்குல்ல அவனுக்கு?" என்றார். அட! அங்கேயும் இந்தத் திருட்டுத்தனம் நடந்திருக்கிறது!

அப்போது சார்ஜிலிருந்த போன் அடித்தது. 'அத்தான்' என்று பெயர் வந்தது. தன் புருஷன் கூப்பிடுகிறாரே என்று அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பேசியது என் வீட்டுக்காரர்.

"வளரு, நான் பூன் லேல இருக்கேன். அக்காவுக்கு டிவிய நானே நேர்ல சரி பண்ணிக் குடுத்துடலாம்னு வந்தேன். அது எங்கயோ போயிருக்காம். போனை மறந்து விட்டுட்டேன், ஓடிபி இப்ப அங்கதான் வந்திருக்கும், பாத்துச் சொல்லு."

இரண்டு பேரும் ஒருவரைத் தேடி ஒருவர் எதிரெதிர் ரயிலில் போயிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி வாயில் விரலை வைத்து என்னை அடக்கிவிட்டு, "யாருக்கு ஓடிபி வேணுமோ அவங்க ஒழுங்கா கேக்கட்டும்" என்றார்.

அந்தப் பக்கம் மெதுவாக, "அக்கா?"

"ம்."

"ஓடிபி சொல்லுக்கா."

"சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. என் மகளைக் கைப்பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரப்போறது யாரு?"

"நான் இருக்கும்போது வேற எவன்கா வருவான்?" குரல் உடைந்துவிட்டது இவருக்கு. "வேட்டிகூட வாங்கிட்டேன்."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் தூரமாக நீட்டிப் பிடித்து, "ஏழு... நாலு..." என்று படிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து பானை புஸ்ஸென்று பொங்கியது. "அய்யோ, பால்!" என்று போனைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினார்.

"பாலா? என்ன பால்? அக்கா, அந்தப் பானையா?" போனுக்குள்ளிருந்து இவர் கத்துகிறார். "எந்தப் பக்கம்கா பொங்குச்சு?"

பால் நாலு பக்கமும் வழிந்து, அடுப்பெல்லாம் நாசமாகி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கப் போகிறவள் நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"கிழக்கதான்டா," என்றார் அண்ணி. "நல்லா கிழக்கப் பாத்துப் பொங்கியிருக்கு. நீ அங்கயே இருக்காத, அத்தானையும் திவ்யாவையும் கூட்டிக்கிட்டு வந்து சேரு. வந்து நம்ம வீட்டுலயே பாத்துக்கலாம் அந்தக் கடைசி எபிசோட."