உருண்டைக்குக் கூறு வைத்த கதை

என் வாய் ராசியான வாய் என்று எங்கள் கடற்கரைத் தெருவில் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம். மீன் கூறு வைக்கும்போது ஆள் சொல்லும் வேலை எனக்கு. வள்ளத்தில் வந்த மீனில் வீட்டுக் கறிக்கென்று ஒதுக்கியதை மணலில் வீட்டுக்கொரு கூறாகக் குவிப்பார்கள். எந்தக் கூறு யாருக்கு என்பதில் சண்டை வந்துவிடக் கூடாதல்லவா? அதனால் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, குவியலுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்க வைப்பார்கள். பின்னாலிருந்து ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். பிள்ளையின் வாயில் எந்த வீடு வருகிறதோ அந்த வீட்டுக்கு அது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்தப் பதவி எனக்கு வந்தது. கலெக்டர் உத்தியோகம் கிடைத்தவர்கள்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருக்க மாட்டார்கள்.

தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு இரத்தம் குறைந்துபோயிருந்தது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே கண்ணயர்வாள். என்னைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் மூச்சு வாங்கி, மீதியை நாளைக்கு என்பது போலக் கையை அசைத்து விட்டுவிடுவாள். அப்பா கொச்சிப் பக்கம் போட்டில் நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார். சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை அம்மாவின் வயிற்றில் நிற்கவில்லை. இப்படியே போனால் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சேர்த்தால் தம்பி அம்மாவோடு போவான், நான் அஞ்சுகிராமத்தில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். சித்தி நல்லவள்தான். ஆனால் அங்கே மீன் ஐஸ் பெட்டியில் வரும். அதை மீன் என்று சொல்லிச் சாப்பிடவும் வேண்டும். அம்மாவை நினைத்து அழுத அழுகையில் பாதி அந்த ஐஸ் மீனுக்காகவும் அழுததுதான்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் அக்கா வந்தார். படிப்பு முடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். தாய்மாருக்கும் கைப்பிள்ளைகளுக்கும் உடம்பில் இரும்புச் சத்து ஏன் குறைகிறது, எதைக் கொடுத்தால் ஏறும் என்பது ஆராய்ச்சி. அங்கன்வாடியில் உட்கார்ந்து எல்லார் விரலிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் எல்லாம் வந்து வாசலில் நின்றுவிட்டன. என் தம்பி அவருடைய மடியை நனைத்ததோடு நிற்காமல், புதிதாக முளைத்த பல்லால் அவர் கையைக் கடித்தும் வைத்தான். வீரத்தில் அவன் அப்பாவைக் கொண்டவன்.

சாப்பிட்ட உடனே பால் விடாத கட்டன் சாயா குடிக்கக் கூடாது, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது விடாது என்றார் டாக்டர் அக்கா. சாயாவை விடுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் இரத்தம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாமி சொல்லிவிட்டாள். மாமி அப்பாவின் அக்கா. கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்பவள். தெருவில் கடைசி வார்த்தை அவளுடையது.

பிறகு உருண்டை வந்தது. கேழ்வரகும் எள்ளும் கருப்பட்டியும் சேர்த்துப் பிடித்த உருண்டை. பொட்டலங்களில் சிலவற்றுக்கு மஞ்சள் பொட்டு, சிலவற்றுக்குப் பச்சைப் பொட்டு ஒட்டியிருந்தது. ஒரு நிறத்து உருண்டையில் இரும்புச் சத்து கூடுதலாகச் சேர்த்திருக்கிறது, மற்றதில் இல்லை. எது என்று அவருக்கே தெரியாது, தெரியவும் கூடாதாம். யாருக்கு எந்த நிறம் என்பதையும் குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தார். ஒருவர் நிறத்தை இன்னொருவர் தொடக் கூடாது, கடைசியில் இரத்தம் பார்த்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும் என்று விளக்கினார். பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நம்ம கூறு மாதிரிதான் என்று மாமி ஒரே வரியில் முடித்தாள். மற்ற ஊர்களில் இதைப் புரியவைக்கப் பாதி நாள் ஆனது என்று டாக்டர் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அன்று அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம்.

அம்மாவுக்குப் பச்சை விழுந்தது. கொஞ்ச நாளில் மஞ்சள் வீடுகளில் பிள்ளைகளுக்கு வெளிக்கிருப்பது கறுப்பாகப் போகிறது என்று குழாயடியில் பேச்சு வந்தது. மாத்திரை தின்ற நாட்களில் அம்மாவுக்கும் அப்படித்தான் போனது. அப்படியானால் மருந்து மஞ்சளில்தான் இருக்கிறது. அன்று சாயங்காலமே வலைக்கூடத்தில் மாமி ஓலைப்பாயை விரித்தாள்.

"ஒரே கரையில உள்ளவளுவளுக்கு ரெண்டு வகைன்னா அது எப்பிடிச் செரியாவும்? கொண்டாங்க, எல்லாத்தையும் கொட்டுங்க."

மஞ்சள் வீட்டுக்காரிகள் ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. எல்லா உருண்டையும் ஒரே குவியலாகி, குவியல் கூறுகளானது. என்னைக் கூப்பிட்டுக் கடலைப் பார்க்க நிறுத்தினார்கள். மீனுக்குச் சொல்லிப் பழகிய வாய் உருண்டைக்கும் சொன்னது. அதிலிருந்து வாராவாரம் டாக்டர் அக்கா பொட்டலம் கொடுத்துவிட்டு கருங்கல் பஸ் ஏறியதும் பாய் விரிந்துவிடும்.

ராசி என்றேனே, அது அங்கேதான் தெரிந்தது. அம்மா எழுந்து வரமாட்டாள், வீட்டில் படுத்திருப்பாள். எல்லாக் கூறுக்கும் ஆள் சொல்லிவிட்டு நான் திரும்பிப் பார்த்தால், அம்மாவுக்கென்று நான் சொன்ன கூறு எப்போதும் மற்றதைவிட உயரமாக இருக்கும். ஒருமுறை இரண்டுமுறை அல்ல, எப்போதும். மாமி அதை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் வைப்பாள். அம்மா பார்த்துவிட்டு, "இது கூடுதலாட்டு இருக்கே மைனி" என்பாள். யாரிடமிருந்தும் ஒரு பிடி உப்புகூட அதிகமாக வாங்காத ரோஷக்காரி அவள்.

"நானா தந்தேன்? பிள்ள வாயில வந்தது. கூறு சொன்னா சொன்னதுதான். தின்னு."

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அதற்கு மேல் அம்மாவால் என்ன பேச முடியும்? பிள்ளை சொன்ன கூறை வேண்டாம் என்று தள்ளும் வழக்கம் எங்கள் கரையில் இல்லை.

ஒரு நாள் டாக்டர் அக்கா குடையை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். நான் கடலைப் பார்த்து நின்றிருந்தேன். இது யாருக்கு என்று மாமி கேட்டாள். கடைசி வீட்டுக்கு என்றேன். அடுத்த கேள்வி வரவில்லை. திரும்பினேன். மஞ்சளும் பச்சையுமாகக் கிழிந்து கிடந்த காகிதங்களைப் பார்த்தபடி டாக்டர் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நாளாக நடக்கிறது என்று கேட்டார். ஏறக்குறைய ஆரம்பத்திலிருந்தே என்று மாமி பெருமையோடு சொன்னாள். ஒரு குறையும் வைக்கவில்லை, சின்ன உருண்டை பெரிய உருண்டை பார்த்துச் சமமாகத்தான் வைத்தோம் என்றும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது என்று நினைக்கிறேன். எங்கள் தெருக் கணக்கு இனி ஆராய்ச்சிக்கு உதவாது, வேறொரு ஊரில் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் விளக்கியபோதுதான் மாமியின் முகம் சுருங்கியது. தப்பு செய்துவிட்டால் மாமிக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி வைத்து, டாக்டர் அக்காவைப் பிடித்து உட்கார வைத்தாள். அவரும் அழுத முகத்தோடு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, ஒரு கட்டன் கிடைக்குமா என்று கேட்டார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வலைக்கூடமே சிரித்தது.

கெட்டது கெட்டுப்போச்சு, இரத்தத்தையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அடுத்த வாரம் டாக்டர் அக்கா வந்தார். ஏறக்குறைய எல்லாருக்கும் ஏறியிருந்தது. அம்மாவுக்கு எல்லாரையும்விட நன்றாகவே ஏறியிருந்தது. நாகர்கோவில் போக வேண்டாம் என்றார். அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் அங்கன்வாடியைச் சுற்றி ஓடினேன். ஓடிய வேகத்தில் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டேன். அம்மா என்னைத் திட்டினாள். மூச்சு வாங்காமல், கையை அசைக்காமல், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி முழுதாகத் திட்டினாள். அவ்வளவு இனிப்பான திட்டை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை.

டாக்டர் அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். சமமாகப் பங்கு வைத்திருந்தால் ஒருத்திக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஏறும் என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார். எல்லாரும் திடீரென்று கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"கூறுல கள்ளம் கிடையாது மக்கா" என்றாள் மாமி. "பிள்ளதான சொன்னது. கேட்டுப் பாருங்க."

என் வாய் ராசியான வாய் என்று நானே சொன்னேன். டாக்டர் அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். அதற்குப் பின் பெட்டியை மூடினார்.

நான் வளர்ந்து, அந்தப் பதவி தம்பிக்குப் போனது. முதல் முறையாகக் கூறுகளின் பக்கம் நான் உட்கார்ந்த அன்று சாளை கொஞ்சம்தான் வந்திருந்தது. கடைசி வீட்டுக்காரர் கால் முறிந்து கடலுக்குப் போகாமல் கிடந்தார். தம்பி கடலைப் பார்த்து நின்றான். மாமி ஒரு கூறைத் தொட்டுக் கேட்டாள். கடைசி வீட்டுக்கு என்றான் தம்பி.

அவன் சொல்லி முடித்ததும் சுற்றியிருந்த கைகள் அசைந்தன. ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒவ்வொரு மீன் எழுந்து அந்தக் கூறில் போய் உட்கார்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பல வருடம் பழகிய கைகள். என் கை மட்டும் சும்மா இருந்தது. மாமி என் முன்னால் இருந்த கூறைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இருப்பதில் பெரிய சாளையாக ஒன்றை எடுத்து வைத்தேன்.

"எங்க அம்மைக்கும் இப்பிடித்தானா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கடலப் பாத்து நில்லுட்டின்னு சொன்னோம். நல்ல பிள்ளையாட்டு நின்ன" என்றாள் மாமி.

அதற்குள் தம்பி பொறுக்க முடியாமல் தலையைத் திருப்பிவிட்டான். கடைசி வீட்டுக் கூறு உயர்ந்து நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியாக்கா, நான் சொன்ன கூறுதான் பெருசு. எனக்க வாய் ராசியான வாய்."

"ஆமா மக்கா, நல்ல ராசி" என்றேன். "திரும்பாம நில்லு. இன்னும் கூறு கிடக்கு."