மாமா ஊதாமல் நடந்த ஊர்வலம்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் உளவு பார்ப்பது. வேலையைத் தந்தவர் அம்மா. உளவு பார்க்கப்பட்டவர் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. சம்பளம் ஒரு சொக்லேட். அதையும் திரும்பி வரும் வழியில் தெருமூலைத் தெப்பனர் கடையில் மாமாவே வாங்கித் தந்துவிடுவார். தன்னை உளவு பார்ப்பதற்குத் தானே கூலி கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான் மாமா வில்லரே என்ற பகுதியில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வன்னியில் விழுந்த ஷெல்லின் துண்டு ஒன்று அவருடைய இடது நுரையீரலில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிருந்தது. இதை இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டில் மாமா நடுவழியில் நின்று தெருவைப் பார்ப்பார் என்பது மட்டும்தான். தெருவில் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இராது. பனி வழிக்கும் வண்டி போகும், இல்லையென்றால் அதுவும் போகாது. மாமாவுக்குத் தெருவென்றால் நல்ல விருப்பம் என்று நான் எண்ணியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்திருந்தார்கள். அதற்குள் மூன்று பந்துகள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்பும். நான் ஒரே இழுப்பில் மூன்றையும் எழுப்பிவிட்டு, வென்றுவிட்டேன் என்று கட்டிலில் ஏறிக் குதிப்பேன். மாமாவுக்கு முதலாவது எழும்பும், இரண்டாவது யோசிக்கும். "நீ கெட்டிக்காரிதான் மருமகளே" என்று சிரித்துவிட்டுப் பெட்டியை அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். அந்தப் பெட்டியை அவர் வெறுத்தார் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகும் மாதா கோவிலின் நிலவறையில், செவ்வாய்க்கிழமைகளில் பேக்பைப் பாண்ட் ஒன்று பழகிக்கொண்டிருந்தது. ஸ்கொட்லாந்துக்காரரின் வாத்தியம் என்றாலும், அதில் இருந்தவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்துச் சனம்தான்: ஒரு பல்வைத்தியர், இரண்டு தபால்காரர்கள், தகப்பனும் மகளுமாய் இரண்டு மேளக்காரர். பாண்டின் தலைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பிரெஞ்சுக்கார அம்மையார். மாமா ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கீழே இறங்கிப் போனார். ஊதுவது நெஞ்சுக்கு நல்லதா என்று டொக்டரிடம் கேட்டார். மெல்ல மெல்ல என்றால் நல்லதுதான் என்றார் டொக்டர்.

பேக்பைப்பில் மெல்ல என்று ஒன்றே கிடையாது என்பது டொக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்கு ஒரே சத்தம்தான். ஊதினால் முழுச் சத்தம், இல்லையென்றால் மௌனம். வாயால் ஊதிப் பையை நிரப்பி, கைமூட்டால் பையை நெருக்கிக்கொண்டே, காற்று ஒரு கணமும் தளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தளர்ந்தால் கன்று தாயைத் தேடிக் கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பையில்லாத ஒரு சின்னக் குழலைத்தான் கொடுப்பார்கள். மாமா இரண்டு குளிர்காலம் அதில் பழகினார். விரல்கள் நன்றாக ஓடின. அவருக்குப் பிரெஞ்சு வராது, தலைவிக்குத் தமிழ் வராது. இடையில் நான் பள்ளிக்கூடப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அதிகாரம் செய்தேன்.

வீடு திரும்பியதும் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு விசாரிப்பார். இருமினவனா? வேர்த்ததா? இடையில் களைத்து உட்கார்ந்தவனா? நான் கண்டதைச் சொல்வேன். எதற்குக் கேட்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாமாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வந்த பேச்செல்லாம் நெஞ்சு என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். யாராவது ஒருவர் ஊரில் விசாரித்துவிடுவார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து டெலிபோன் வராது. அம்மா அந்த நாட்களில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவார். கடைசியில், நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் இருந்து ஒரு குடும்பத்தின் பேச்சு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து கனகாலமான சனம், வீடு வாசலோடு இருக்கிறவர்கள். பெண்ணின் தகப்பனாருக்கும் மாமாவின் நெஞ்சைப் பற்றிச் சந்தேகம் இருந்தது. அம்மா டெலிபோனில் குரலை உயர்த்தினார்.

"அண்ணை, எங்கட தம்பி பாண்டில பைப் ஊதுறவன். அது ஊதுறவனுக்கு நெஞ்சில என்ன குறை இருக்கும் எண்டு நீங்களே சொல்லுங்கோ. மார்ச்சில ஐரிஷ்காரற்ற ஊர்வலம் வருது, வந்து உங்கட கண்ணால பாருங்கோ."

அவர்கள் வருவதாகச் சொன்னார்கள். டெலிபோனை வைத்த பிறகுதான் அம்மாவுக்குக் கல்யாணத் தரகர் இன்னொரு தகவலைச் சொன்னார். பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வேலை; மூச்செடுக்க முடியாதவர்களைக் கவனிக்கும் பிரிவில். அம்மா மாதா படத்தைப் பார்த்து, "உலகத்தில வேற வேலையே கிடைக்கேல்லையே இவளுக்கு" என்றார்.

மாமாவுக்குப் பெரிய பைப்பைக் கொடுத்தது அந்த மாசிமாதம்தான். முதல் பாட்டின் பாதியில் அவருடைய உதடு நீலமாகியது. தலைவி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அதற்கடுத்த செவ்வாய், தலைவி மாமாவைச் சுவரோரம் அழைத்துப்போய்ப் பேசினார். நான் நடுவில் நின்றேன். அவர் சொன்னதை நான் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் மாமாவிடம் சொன்னேன். ஊர்வலத்தில் நாலு நாலு பேராக நடக்க வேண்டும். ஒருவர் வேலை மாறி ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். வரிசையில் ஓட்டை விழக்கூடாது. மாமா நடக்க வேண்டும், ஊத வேண்டாம். குழலில் இருக்கும் சீவாளியைக் கழற்றிவிட்டு, குழல்கள் பையில் சேரும் துளைகளுக்குத் தக்கை வைத்துவிட்டால் பை உப்பியபடியே இருக்கும். விரல்களை மட்டும் அசைத்தால் போதும். எல்லாப் பாண்டிலும் நடக்கிற விஷயம்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"அப்ப நான் அங்க போய் என்னத்துக்கு?" என்று மாமா கேட்டார்.

நான் அதையும் மொழிபெயர்த்தேன். தலைவி மாமாவின் சப்பாத்தைக் காட்டினார். ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள், காலடி பிழைக்காத ஆள் நீ ஒருவன்தான் என்றார். மாமா கொஞ்சநேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "மெர்சி" என்றார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அதுதான்.

அன்றைக்கு எனக்கு இரண்டு சொக்லேட் கிடைத்தன. "அம்மாட்ட இதைச் சொல்லாத பிள்ளை. அவ இப்பதான் கொஞ்சம் சந்தோசமா இருக்கிறா" என்றார் மாமா. நான் சொல்லவில்லை. மாமாவுக்குச் சரியாக ஊத வராது என்பதுதான் இரகசியம் என்று நினைத்தேன். அதற்காக அவர்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

ஊர்வலத்தன்று காதைப் பிடுங்கும் குளிர். மாமா கில்ட் பாவாடையும் காலில் முழங்கால் வரை வெள்ளை மேசும் போட்டிருந்தார். இடையில் தெரிந்த முழங்கால்களைப் பார்த்துவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நடைபாதையில் ஒரு பக்கம் நாங்கள், பக்கத்தில் கர்க்லாண்ட் குடும்பம். தகப்பனார் தொப்பியின் காதுமடல்களை மேலே தூக்கி விட்டுக்கொண்டு ஆயத்தமாக நின்றார்.

பாண்ட் வந்தது. மாமா மூன்றாம் வரிசையில், எங்கள் பக்கத்து ஓரத்தில். பை உப்பியிருந்தது, விரல்கள் ஓடின, கால் ஒருமுறையும் பிசகவில்லை. எனக்கே அவர் ஊதுகிறார் என்றுதான் பட்டது.

"தம்பியின்ர சத்தம் தனியாக் கேக்குது, என்ன?" என்றார் தகப்பனார்.

"ஓம், அவன்ர எப்பவும் தனியாத்தான் கேக்கும்" என்றார் அம்மா, பெருமை தாங்காமல்.

அந்த அன்ரி, அதாவது பார்க்க வந்த பெண், பாண்டோடு சேர்ந்து நடைபாதையில் கொஞ்சத்தூரம் நடந்தார். நானும் கூட ஓடினேன். பெண்கள் மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தான்களைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், திரும்பவும் பொத்தான்களைப் பார்த்தார். பொத்தான் ஏதும் கழன்றுவிட்டதோ என்று நானும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

எல்லாம் முடிந்து ஒரு டோனட் கடையில் கூடினோம். தகப்பனார் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா ஊதினீர் தம்பி. உமக்கு நெஞ்சில வருத்தம் எண்டு எங்களுக்கு ஒரு கதை வந்தது. இவ்வளவு தூரம் ஊதிக்கொண்டு நடக்கிறவருக்கு என்ன வருத்தம்!"

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

"இல்லை அங்கிள், நான் ஊதேல்லை."

தகப்பனார் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களே அடக்கத்தை!" என்றார் மனைவியிடம்.

"உண்மையா அங்கிள். மற்றவைதான் ஊதினவை. நான் சும்மா நடந்தனான்."

"இந்தக் காலத்துப் பெடியள் செய்யாததையும் செய்தனான் எண்டுதான் சொல்லுறவங்கள்" என்று அவருடைய மனைவியும் உருகிப்போனார். எங்கள் சனத்திடம் பொய் சொன்னால் பிடித்துவிடுவார்கள். உண்மையைத் தாழ்ந்த குரலில் சொன்னால் பணிவு என்று எடுத்துக்கொள்வார்கள். மாமா இன்னொரு தரம் வாயைத் திறந்தார். அம்மா மேசைக்குக் கீழே அவருடைய வெறும் முழங்காலில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலைகுனிவும் நல்ல பெயர் வாங்கித் தந்தது. அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. மாமாவைப் பார்த்துக்கொண்டே தன் கோப்பியைக் குடித்து முடித்தார்.

ஊர்வலத்துக்காகத் தெருக்களை அடைத்திருந்ததால் அவர்கள் காரை ஜான்-டலோன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு மெட்ரோவில் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒன்றாகவே திரும்பினோம். இறங்கிய இடத்தில் நகரும் படி வேலை செய்யவில்லை. பெரியவர்கள் கதைத்தபடி முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். மாமா பைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்குப் பக்கத்தில் அன்ரி, கடைசியில் நான்.

கால்வாசிப் படி ஏறியதும் அன்ரி நின்றார். "ஒரு நிமிஷம் நில்லுங்கோ, என்ர லேஸ் கழண்டிட்டுது" என்று சொல்லிக் குனிந்தார். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்ரி நிமிர வெகுநேரம் எடுத்தது. நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் ஏறியதும், "மற்றச் சப்பாத்தும்" என்று மறுபடி குனிந்தார். நான் ஒரு படி கீழே நின்றதால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அவர் போட்டிருந்தது பக்கவாட்டில் ஸிப் இழுத்து மூடும் பனிச்சப்பாத்து. மாமாவும் அதைப் பார்த்தார்.

அன்றிரவு அம்மா வழக்கம்போல என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். பெட்டை மாமாவோடு என்ன கதைத்தவள் என்று கேட்டார்.

"ஒண்டும் கதைக்கேல்லை. ஆனா அம்மா, அந்த அன்ரிக்கு ஏதோ பிழை. அவவின்ர சப்பாத்தில லேஸே இல்லை. ரெண்டு தரம் குனிஞ்சு லேஸ் கட்டினவ."

அம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியை விட்டுவிட்டுத் திரும்பினார். "எங்க வைச்சு?"

"மெட்ரோப் படியில."

"மாமா?"

"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. உளவு சொல்லி நான்தான் சம்பந்தத்தைக் குழப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அன்ரிக்கு ஒரு பிழையும் இல்லை, லேஸ் வைத்த சப்பாத்து ஒன்று நாங்களே வாங்கிக் கொடுப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதார்.

அப்போது டெலிபோன் அடித்தது. அதன் திரையில் கர்க்லாண்ட் வீட்டு இலக்கம். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எடுக்காதேங்கோ அம்மா, எடுக்காதேங்கோ" என்று அழுதுகொண்டே நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.