சுத்தி செய்த வேர்

என் அத்தான் பரமலிங்கம் நெளுக்குளத்தில் வயல் செய்தவர். அவர் வாய் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று நான் கேலி செய்வேன். தகப்பன் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரி என்பதால் காட்டு மூலிகையெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால்தான் அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து யோகநாதன் என்ற இளைஞர் அவரைத் தேடி வந்தார்.

புற்றுநோய் பிடித்த உயிரணுக்களை, அவர்கள் சொல்லில் கலங்களை, கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, மூலிகைச் சாற்றை அவற்றின்மேல் விட்டுப் பார்ப்பார்களாம்.

“கலங்கள் செத்தால் மருந்து வருமோ தம்பி?” என்று அத்தான் கேட்டார்.

“வரலாம் ஐயா.”

அந்த ஒரு சொல் அத்தானுக்குப் போதுமாயிருந்தது. அவர் மனைவி, என் அக்கா நேசமலரின் மார்பில் அப்போது ஒரு கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டி எடுக்கச் சொல்லியிருந்தார் வவுனியா டாக்குத்தர். அக்காவுக்குக் கத்தி என்றால் நடுக்கம். அந்த நோயின் பெயரை வீட்டுக்குள் நாங்கள் சொல்வதேயில்லை. வெளியாளான யோகநாதனிடம் யார் சொல்வது? அந்த வாய்ப்பூட்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

அத்தான் கொடிவேலி வேரைக் கிண்டிக் காயவைத்துக் கொடுத்துவிட்டார். சில மாதங்களில் யோகநாதன் சிரித்த முகத்தோடு வந்தார். கலங்கள் செத்துவிட்டனவாம். உறுதிப்படுத்த இன்னும் கொஞ்சம் வேர் வேண்டுமாம். அன்றிரவு அக்கா வயிறாரச் சாப்பிட்டாள். கொழும்புப் பயணம் நின்றுபோனது.

இரண்டாம் முறை அனுப்பிய வேரில் ஒன்றும் நடக்கவில்லை. யோகநாதன் குழம்பிப்போய் வந்தார்.

“அதே வேர்தானே ஐயா?”

“ஓம், அதே பத்தையிலை கிண்டினதுதான். முந்தி அனுப்பினது பச்சை நஞ்சு, வயித்தை அறுக்கும். இந்த முறை சுண்ணாம்புத் தண்ணியிலை ஊறப்போட்டு, கழுவிக் கழுவிச் சுத்தி செய்தெல்லோ அனுப்பினனான்.”

“ஐயோ! அந்த நஞ்சைத்தான் நாங்கள் தேடுறம். ஏன் ஐயா கழுவினீங்கள்?”

அத்தான், அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தார். “என்ரை மனுசி குடிக்கவேணுமே தம்பி.”

யோகநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. கதிரையை விட்டு எழுந்துவிட்டார். “இது மருந்தாக வர எத்தனையோ வருசம் செல்லும் ஐயா. வராமலும் போகலாம். அக்காவை உடனை கொழும்புக்குக் கொண்டுபோங்கோ!”

கொண்டுபோனோம். கை வைக்கிற காலம் கடந்துவிட்டது என்றார்கள். தை பிறக்குமுன் அக்கா போய்விட்டாள். கட்டையில் போகிற வேர் என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். 

அடுத்த வருடம் யோகநாதன் தயங்கித் தயங்கி மறுபடியும் வேர் கேட்டார். அத்தான் அன்றே மண்வெட்டியோடு போய்க் கிண்டி வந்தார். மண்ணைத் தட்டி அப்படியே சாக்கில் போட்டார்.

“இந்த முறை கழுவேல்லையோ அத்தான்?” என்றேன்.

“ஆருக்கெண்டு கழுவ?” என்றார். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.