தேர்ச் சக்கரத்தைத் தொட்ட கை

ரூபவதி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி பள்ளி அலுவலகத் தொலைபேசியில் வந்தது. எட்டாம் வகுப்பில் மௌரியர் ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த என்னைத் தலைமையாசிரியை வெளியே அழைத்து, விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிட்டதாகச் சொன்னார். "தனராஜ் சார்தான் போன் பண்ணினார். உங்ககிட்ட கண்டிப்பா சொல்லச் சொன்னார்." அழுகை வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்தது. திருச்சபைச் செயலாளரான தனராஜ் சாருக்கும் எனக்கும் பண்டிகை வாழ்த்துக்கு மேல் பேச்சு இருந்ததில்லை.

மத்தியானம் அவரே வந்தார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு டீச்சர். ஆனா சாயங்காலம் கமிட்டி கூடுது. கல்லறைத் தோட்டத்துல எடம் குடுக்கறதப் பத்தி."

"அதுக்கு எதுக்கு சார் கமிட்டி?"

"அவங்க நம்ம ஆளுதானான்னு சில பேருக்கு டவுட் இருக்கு. தேர்ச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்களாமே? கூட இருந்தது நீங்கதானாம். நீங்க வந்து சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிடும்."

எந்தப் பக்கம் முடியும் என்று அவர் சொல்லவில்லை. ரூபவதி டீச்சரை நான் ரூபாக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் பல வருஷங்களாக அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். பக்கத்தில் ஒரு ஆள் இடத்தை ரூபாக்கா தனக்கென்று விட்டு வைத்திருந்தார். அது அவருக்கு உண்டா இல்லையா என்பது அன்று மாலை நான் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தில் இருந்தது.

தாம்பரத்தில் அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் பெண்கள் வேதபாட வகுப்பும் தெரிந்திருக்கும். அது வீடு வீடாக நடக்கும். முறை வந்தவர் ஒரு பகுதியை விளக்குவார், வீட்டுக்காரர் காபி தருவார். கடினமான பகுதி என்றால் காபியைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுவது எழுதாத சட்டம். செம்பாக்கத்தில் என் வீட்டில் ரூபாக்காவின் முறை வந்த அன்று, பாபிலோனில் சிறையிருந்த தீர்க்கதரிசி கண்ட தரிசனம் வந்தது. சக்கரத்துக்குள் சக்கரம், வளையமெங்கும் கண்கள், மேலே ஒரு சிம்மாசனம். நான் அடுப்படிக்குப் போக எழுந்தேன்.

"உக்காரு ஹெலன். இன்னிக்குக் காபி லேட்டாத்தான் கிடைக்கும்" என்றார்.

பிறகு அவர் சொன்னது இது. ஊரைவிட்டு இழுத்துச் செல்லப்பட்ட அந்த ஜனங்கள், ஆண்டவரை எருசலேம் கோவிலில் விட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைத்து அழுதார்கள். அவர்களுக்குத்தான் இந்தத் தரிசனம். "சிம்மாசனத்துக்குச் சக்கரம் வெச்சிருக்குன்னா என்ன அர்த்தம்? அவர் கட்டடத்துல மாட்டிக்கிட்டு இல்ல. அழுகிறவங்க எங்க இருக்காங்களோ அங்க வந்துடுவார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தர் முதல் உபதேசத்தில் உருட்டிவிட்டதாகச் சொல்லப்படும் தருமச் சக்கரத்தைப் பற்றியும், பெருமாள் கையில் இருக்கும் சக்கரத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்.

"அப்ப எல்லாம் ஒண்ணுதான்றீங்களா, அக்கா?" என்று ஒருத்தி ஆவலாகக் கேட்டாள்.

"ஒண்ணுன்னு நான் எங்க சொன்னேன்? அது சோம்பேறிப் பேச்சு. புத்தர் சக்கரத்து மேல யாரும் உக்காரல. பெருமாள் சக்கரம் வெட்டிட்டு அவர் கைக்கே திரும்பிடும். நம்ம சக்கரத்துக்கு மேல இருக்கிறவர் கூடவே வர்றார். மூணும் உருளுது. உருளுற விதம் வேற."

நான் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். எல்லா மதமும் ஒன்று என்று சுலபமாகச் சொல்பவர்களை நம்புவதில்லை. ரூபாக்கா அப்படிச் சொல்லவில்லை என்பதில் நிம்மதி. ஆனால் மற்ற இரண்டையும் பற்றிப் பேசும்போது அவர் குரலில் இருந்த பிரியம் எனக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவரைக் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த ஆண்டு சபை நாளுக்குப் பீடத்துணி தைப்பது எங்கள் வகுப்பின் பொறுப்பு. ரூபாக்கா வெள்ளைத் துணியின் நடுவே நீல நூலால் ஒரு சக்கரம் தைத்துக்கொண்டு வந்தார். கமிட்டியார் அதை மேசைமேல் விரித்து ஆரக்கால்களை எண்ணினார்கள்.

"எட்டு இருக்கு. எட்டுன்னா அது புத்தர்து" என்றார் தனராஜ் சார்.

"கூட்டிடறேன்."

"இருபத்திநாலு ஆச்சுன்னா தேசியக் கொடி ஆயிடும்."

"பதினாறு?"

"அது பெருமாள் கோவில்ல போடறதுன்னு என் மச்சான் சொல்றான்."

"சரி, ஆரக்காலே இல்லாம வட்டமாப் போட்டுடறேன். அப்புறம் தோசைன்னு சொல்லக்கூடாது."

ஆயர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். துணி மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போயிற்று. தேவாலயத்தின் மேற்குச் சுவரில், கப்பலில் வந்த வட்டக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின்போது அதன் கம்பிகளை எண்ணினேன். எட்டு. வெளியே வந்ததும் ரூபாக்காவின் காதில் சொன்னேன்.

"சத்தம் போடாதே. தெரிஞ்சா அதையும் கழட்டிடுவாங்க" என்றார்.

துணியை ஒதுக்கிவிட்ட பிறகும் அவர் ஒரு ஞாயிறு தவறவில்லை. அதே வரிசையில் உட்கார்ந்தார். அது விசுவாசமா வீம்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி தேர். காட்டாங்குளத்தூரைத் தாண்டி ஒரு பள்ளியில் பரீட்சை மேற்பார்வை முடித்து இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பெருமாள் கோவில் தேர் சாலையை அடைத்து நின்றது. "தேர் நவுந்தாதான் பஸ் நவுரும். உள்ள வெந்துகினு இன்னாத்துக்குமா குந்திகினு கீறீங்க? எறங்கி காத்தாட நில்லுங்க" என்றார் கண்டக்டர். இறங்கினோம். முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியிருந்த சக்கரம் எங்கள் தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. நான் ஒதுங்கி நின்றேன். ரூபாக்கா நேராகப் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். சிறிது நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அந்தக் கை அவர் முகத்தருகே போனது.

கண்ணில் ஒற்றிக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்தாரா? உச்சி வெயில். நான் இரண்டு எட்டுத் தள்ளித்தான் இருந்தேன். பஸ்ஸில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"எதுக்குக்கா தொட்டீங்க?"

"பாக்கவே பயமாயிருக்கிற உயரம்னு தீர்க்கதரிசி சொல்றாரே, அது எவ்வளவுன்னு கைக்குத் தெரிய வேணாமா?"

"கண்ணுல ஒத்திக்கிட்டீங்களா?"

"வெயில் உனக்கும்தானே அடிச்சுது?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்றுகூடப் பார்க்க முடியவில்லை. பின் இருக்கையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். கமிட்டிக்குச் செய்தி எப்படிப் போயிற்று என்பதில் எனக்கு ஊகம் உண்டு. எழுதமாட்டேன்.

அன்று மாலை கமிட்டி அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். "வியர்வையைத் தொடச்சாங்க" என்றால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். தனராஜ் சார்கூட அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று அவர் முகம் சொன்னது. எல்லோருக்கும் வசதியான பதிலாக இருந்ததாலேயே அதன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதைச் சொன்னால் ரூபாக்காவுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அங்கே புதைக்கப்படுவது நான் சௌகரியத்துக்காகச் செய்த வேறொரு பெண்ணாக இருக்கும்.

"தொட்டாங்க. கையை முகத்துக்கிட்ட கொண்டுபோனாங்க. ஒத்திக்கிட்டாங்களா, தொடச்சாங்களா, எனக்குத் தெரியாது. கேட்டும் பாத்தேன், பிடிகுடுக்கல" என்றேன்.

"பக்கத்துல இருந்தீங்களே டீச்சர்!"

"பக்கத்துல இருந்தும் தெரியல சார். ஞாயித்துக்கிழமை நீங்க கண்ணை மூடி முழங்கால் போடறப்போ உள்ள என்ன ஓடுதுன்னும்தான் எனக்குத் தெரியாது."

"என்னை எதுக்கும்மா இழுக்கறீங்க?" என்றார் தனராஜ் சார். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

ஆயர் முன்னாலிருந்த பதிவேட்டை மூடிவைத்தார். "அந்தம்மா உயிரோட இருந்தப்போ நம்மள்ல யாராவது போய்க் கேட்டோமா?" என்றார். "ஹெலன் ஒருத்தங்கதான் கேட்டிருக்காங்க போல. அவங்களுக்கே தெரியலன்னா நமக்கு எப்படித் தெரியும்? புருஷன் பக்கத்துலயே குழி வெட்டச் சொல்லுங்க."

மறுநாள் அடக்கம் நடந்தது. பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கக் கயிற்றைத் தனராஜ் சார் பிடித்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் முதலில் சந்தேகித்தேன், பிறகு விட்டுவிட்டேன். இரங்கல் சொன்ன ஒருவர், மூன்று மதங்களையும் ஒன்றாகக் கண்ட உத்தமி என்றார். ரூபாக்கா கேட்டிருந்தால் அங்கேயே சண்டைக்கு நின்றிருப்பார். இன்னொருவர் கடைசிவரை அசையாத விசுவாசி என்றார். இரண்டு பேரும் அவரை அறிந்தவர்களே. இரண்டு பேர் சொன்னதிலும் அவர் இல்லை.

வேதபாட வகுப்பை இனி நான் நடத்தவேண்டும் என்று ஆயர் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டேன். ரூபவதி டீச்சர் எதை நம்பினார் என்று எனக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் பழகியும் தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தீர்த்துவைக்க யாரும் வரவேண்டாம்.