ஐந்து நாள் குளுக்கோஸ்

காலை ஒன்பது மணிக்கு நான் வார்டுக்குள் நுழைந்தபோது வேலுவின் கைகளைக் கட்டிலோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நான் ஹெட் நர்ஸாக இருந்தேன். வேலு மரக்காணம் பக்கத்து மீனவர். குடல் அடைப்புக்கு ஆபரேஷன் முடிந்து அன்று ஐந்தாம் நாள். வாய் வழியாக இன்னும் எதுவும் தொடங்கவில்லை. டிரிப் மட்டும்தான்.

"வலைய இழுங்கடா!" என்று கத்தினார். மனைவி செல்வியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"குடி நின்னுபோச்சுல்ல சிஸ்டர், அதான் உளர்றாரு. தூக்க ஊசி போட்டுருங்க" என்றார் டியூட்டி டாக்டர்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுரு குடிக்கிற ஆளே இல்லம்மா. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்றாங்க."

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். மீனவர் என்றதும் யாரோ கேட்காமலேயே 'குடிப்பழக்கம் உண்டு' என்று எழுதியிருந்தார்கள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எப்ப சாப்ட்டாரு?"

"எங்கம்மா சாப்ட்டாரு? பத்து நாளா கஞ்சி ஊத்தினாக்கூட வாந்தி எடுத்துக்கினு கெடந்தாரு."

பத்தும் ஐந்தும் பதினைந்து நாள். டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தேன். விழிகள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தன. குடி நின்ற உளறலாக எனக்குப் படவில்லை. சர்ஜன் தியேட்டரில் வேறொரு கேஸில் இருந்தார். வேலுவின் ஆபரேஷனுக்கு விழுப்புரத்திலிருந்து வந்துபோன மயக்க டாக்டருக்குப் போன் போட்டேன்.

"என்னக் கேக்காம யாருக்குப் போன் பண்றீங்க?" என்றார் டியூட்டி டாக்டர்.

"அப்புறம் திட்டுங்க சார்."

மயக்க டாக்டர் கேட்டார்: "டிரிப்ல என்ன போவுது?"

"அஞ்சு நாளா டெக்ஸ்ட்ரோஸ் சார், வெறும் குளுக்கோஸ்."

"வைட்டமின்?"

ஷீட்டைப் புரட்டினேன். ஒரு வரியும் இல்லை. "போகல சார்."

"உடனே நிறுத்துங்க. சலைன் மாத்துங்க, சுகர் பாருங்க. தயமின், அதான் பி-ஒன் ஊசி இருக்கா?"

எங்கள் ஃபார்மஸியில் இல்லை. பக்கத்துக் கடைகளில் மாத்திரைதான் இருந்தது. "நானே எடுத்துட்டு வர்றேன்" என்று போனை வைத்தார்.

வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை நான் கட்டிலை விட்டு நகரவில்லை, தூக்க ஊசியும் போடவில்லை. சுகர் சரியாக இருந்தது. ஆனால் வேலுவின் கத்தல் அடங்கிப் பேச்சு குழற ஆரம்பித்தது. கத்தியபோதே தேவலை என்று தோன்றியது.

மயக்க டாக்டர் வந்ததும் ஊசியை நரம்பில் ஏற்றினார். பிறகு டியூட்டி டாக்டரிடம் சொன்னார்: "சர்க்கரைய எரிக்க உடம்புக்கு பி-ஒன் வேணும். பட்டினியில ஏற்கெனவே தீர்ந்துபோச்சு. ஆபரேஷன்னால தேவை இன்னும் கூடிடுச்சு. அதுக்கு மேல நாம வெறும் குளுக்கோஸா ஏத்தியிருக்கோம். மிச்சமிருந்த பி-ஒன்னும் கரைஞ்சு மூளைய பாதிச்சிருக்கு." டியூட்டி டாக்டர் ஷீட்டில் அந்தக் குடிப்பழக்க வரியை அடித்தார்.

சாயங்காலம் விழிகளின் துடிப்பு குறைந்தது. மறுநாள் வேலு, "செல்வி, புள்ளைங்க எங்க?" என்று கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் கால் தள்ளாட்டம் நிற்க மாதங்கள் ஆயின. அந்த ஒரு வாரத்து நினைவு அவருக்குத் திரும்பவே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று செல்வியிடம் சொன்னேன்: "அந்த குளுக்கோஸ் பாட்டிலுங்கள்ல பாதி நான் மாட்டினதும்மா. எப்ப சாப்ட்டாருன்னு மொத நாளே கேட்டிருக்கணும்."

"இனிமே வர்றவங்களையாவது கேளுங்கம்மா" என்றாள்.

ரிட்டயர் ஆகும்வரை கேட்டேன். ஆபரேஷனுக்கு வருபவரிடம் பெயருக்கு அடுத்த கேள்வி, கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது என்பதுதான். நாள் கணக்கில் பட்டினி என்றால், குளுக்கோஸ் மாட்டும் முன் தயமின் ஊசி கேட்டு டாக்டர் எதிரில் போய் நிற்பேன். சிலர் எரிந்து விழுந்தார்கள். இப்போது வார்டில் நிற்கும் நீங்களும் போய் நில்லுங்கள். டிரிப் சொட்டுகிறது என்பதற்காக நோயாளி சாப்பிடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.