உரிமை விடல்

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே சண்டை நடக்கும். அப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியர் பதவி உயர்வுக்கான பேனலில், அதாவது சீனியாரிட்டிப் பட்டியலில், அவர் பெயர் வரும். கூடவே ஏதாவது ஒரு தூரத்து ஊரின் பெயரும் வரும். ஒருமுறை கூடலூர், ஒருமுறை ராமநாதபுரம் பக்கம். அப்பா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்தப் பதவி உயர்வு இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அரசாங்கத்தில் அதற்குப் பெயர் உரிமை விடல். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயிலில் அவருடைய வழக்கமான பெஞ்சில் உட்கார வேண்டும். அவருடைய காரணங்கள் அவ்வளவுதான்.

"ஹெச்.எம். சம்சாரம்னு ஒரு நாளாச்சும் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்னு பாத்தேன்" என்பார் அம்மா.

"சீனியாரிட்டி எங்கயும் ஓடிப் போயிறாது. அடுத்த பேனல்ல வரும்" என்பார் அப்பா.

அடுத்த பேனலிலும் வந்தது. அதையும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வங்கிக் கடனில் பறக்கக் கற்றுக்கொண்டு, ஒரு தனியார் நிறுவனத்தில் ஜெட் விமானத்தின் துணை விமானியானேன். விடுப்பில் ஊருக்கு வந்தபோது, பூசை முடிந்ததும் அப்பாவை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பாப்பாதான் பிளேனை ஓட்டுகிறதா என்று கேட்டார்கள்.

"கோ-பைலட்டு" என்றார் அப்பா.

"அப்படின்னா?"

"அசிஸ்டென்ட் ஹெச்.எம். மாதிரி."

அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை எனக்கு. நானும் ஓட்டுவேன், நானும் தரையிறக்குவேன். ஆனால் புயலைச் சுற்றிப் போவதா, திரும்பிவிடுவதா என்பதைச் சொல்கிறவர் இடது பக்கத்தில் இருப்பவர். அந்த இருக்கைக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஆகாயத்தைப் பார்ப்பதற்கு என்றால் எங்கள் வீட்டு மொட்டைமாடியே போதும்.

சில ஆண்டுகளில் என் முறை வந்தது. கேப்டன் பதவிதான், ஆனால் விசிறி வைத்த சின்ன விமானத்தில். இருக்க வேண்டிய ஊர் வடகிழக்கில், மழைக்குப் பேர் போன இடம். எங்களுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி பறக்கும் மணிக்கணக்கில் வருவது. மழைக்காலத்தில் அங்கே பாதி விமானம் கிளம்பாது. பயிற்சி முடியும்வரை அந்த மணிக்கணக்குப் பணமும் கிடையாது. ஜெட்டில் துணை விமானியாகவே இருந்தால் சென்னை, நல்ல சம்பளம், கடன் ஒழுங்காக அடைபடும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"எழுதிக் குடுத்துரும்மா. அடுத்த பேனல்ல ஜெட்டுலயே வாங்கிக்கலாம்."

எழுதிக் கொடுத்தேன். எங்கள் பரம்பரைச் சொத்து அது ஒன்றுதான். விமானக் கம்பெனியில் பேனல் என்று ஒன்று இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் விட்டதை எனக்கு அடுத்து இருந்தவன் வாங்கிக்கொண்டான். பயிற்சிப் பள்ளியில் என் வானிலைக் குறிப்புகளைப் படித்துத் தேறியவன். கொஞ்ச நாளில் எண்ணெய் விலை ஏறியது, கம்பெனி குத்தகைக்கு எடுத்த சில விமானங்களைத் திருப்பிக் கொடுத்தது, ஜெட்டில் துணை விமானிகளுக்குப் பதவி உயர்வு நின்றது. ஜெட்டில் இருந்த வெளிநாட்டுக் கேப்டன்களை அனுப்பிவிட்டு, அந்த இடங்களுக்குச் சின்ன விமானத்துக் கேப்டன்களைக் கொண்டுவந்தார்கள். அவனும் வந்தான். நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். விமானி அறையிலிருந்து கழிப்பறைக்குப் போவதானாலும் கேப்டனிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருநாள் சென்னையிலிருந்து டெல்லிவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் நல்லவன்தான். அதனால் எரிச்சல் குறையவில்லை.

அந்த ஆண்டுதான் அப்பா பதவி உயர்வை ஏற்றுக்கொண்டார். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் ஓய்வூதியம் என்பதால் அம்மா விடவில்லை. ராமநாதபுரத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊர். முதல் வாரம் போனில் தண்ணீர் உப்பு என்றார், அறையில் கொசு என்றார். பிறகு ஒருநாள், நான் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆறாங் கிளாஸ் பிள்ளைக வெயில்லயே உக்காந்திருந்துச்சுக. உள்ள மாத்துங்கன்னேன். மறுநாளே மாத்திட்டாங்கம்மா, நான் சொன்னேன்னு! பெல் அடிக்கச் சொன்னா அடிக்கிறாங்க."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடமும் அந்த மனிதருக்கு இது பிடித்திருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கோ எனக்கு இது பிடிக்கும் என்று முதலிலிருந்தே தெரியும்; தெரிந்தும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், சின்ன விமானத்தில் கேப்டன் பதவி, எந்த ஊரானாலும் சம்மதம் என்று மனு கொடுத்தேன். வாங்கிய அதிகாரி, யாரோடாவது தகராறா என்று கேட்டார். சின்ன விமானத்தைத் தானாகக் கேட்டு வாங்க யாரும் வந்ததில்லையாம். சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. அப்பாவிடம் அதற்குப் பிறகுதான் சொன்னேன். அப்போது அவர் ஓய்வுபெற்றுத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டிருந்தார்.

"சம்பளம் கொறையுமே?"

"கொறையும்ப்பா."

"அம்புட்டு தூரம்."

"ஆமாப்பா."



"கூடலூருக்கு நான் போயிருக்கணும்மா" என்றார்.